காய்ந்த சடக்கில் விழுந்தவர்கள்

போன மாதம் மூன்று இளைஞர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். மூவரும் ஆஸ்பத்திரி உதவியாளர்கள். எங்கள் காலத்தில் அந்த வேலைக்கு டிரஸர் என்று பெயர். சங்க மலருக்குப் பழைய அனுபவம் ஒன்று எழுதித் தரவேண்டும் என்றார்கள். மலேரியாவை எழுதுங்கள், பாம்புக்கடியை எழுதுங்கள் என்று ஆளுக்கொரு யோசனை. வயதானவர்கள் விழுவதைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"விழுறதுல எழுத என்னங்க சார் இருக்கு? தூக்கி உக்கார வச்சா முடிஞ்சுது" என்றார் அவர்களில் உயரமானவர்.

வழியனுப்ப எழுந்தேன். வாசலில் அவர்கள் கழற்றிவிட்ட ஆறு சப்பாத்துகள் கிடந்தன. நான்கு சுவர் ஓரமாக ஒழுங்காக இருந்தன. உயரமானவருடைய இரண்டில் ஒன்று கவிழ்ந்தும் மற்றொன்று குறுக்காகவும் கிடந்தது. கதவு நிலையைச் சட்டென்று பிடித்துக்கொண்டதால் இந்தக் கட்டுரையை நான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் என்னைப் பற்றி வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

நான் சிங்கப்பூரில் ஏழாவது வரை ஆங்கிலம் படித்தவன். ஜொகூர் பாருவில் மூன்று வருடம் நான்கு மாதம் வேலை பழகினேன். ஒரு வருடம் புட்டி கழுவினேன், ஒரு வருடம் கட்டுப் போட்டேன், மீதி ஒரு வருடம் நான்கு மாதம் பெரியவர்களிடம் திட்டு வாங்கினேன். பிறகு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், செடெனாக் ரயில் நிலையத்திலிருந்து மாட்டுவண்டியில் ஒன்றே கால் மணி நேரம் உள்ளே போகவேண்டிய ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராகச் சேர்ந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரியில் பதினாறு கட்டில். தோட்டத்தில் அறுநூற்றுச் சொச்சம் பேர். சொச்சம் என்று எழுதினால் எனக்கு இரவில் தூக்கம் வராது. அறுநூற்றுப் பதினான்கு பேர்.

அதில் அறுபதைக் கடந்தவர்கள் முப்பத்தொருவர். பால் மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் இறக்க, அவர்களுக்குக் கண் பார்வை போதாது. ஆகவே புல் வெட்டுவார்கள், வேலைக்காட்டுக்குத் தேத்தண்ணீர் சுமப்பார்கள், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் தொட்டில் ஆட்டுவார்கள். இந்த முப்பத்தொருவரும் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தார்கள். ஒரு கிழவி இடுப்பு முறிந்து நான்காம் கட்டிலில் எண்பத்திரண்டு நாள் கிடந்து, கட்டிலைப் பிணமாகத்தான் விட்டாள். அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமை டாக்டர் துரை என்னைக் கூப்பிட்டு, இனி ஒவ்வொரு விழுதலையும் எழுதிவை என்றார்.

டாக்டர் துரை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் வியாழக்கிழமை ரயிலில் வருவார். ஒல்லியான வெள்ளைக்காரர். அப்போது ஐம்பத்தைந்து வயது இருக்கும். கோபம் வந்தால் கத்தமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். முதலில் இடது கண்ணாடி, பிறகு வலது. இடது கண்ணாடியோடு நின்றால் பிழைத்தோம். வலதுக்குப் போய்விட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது. தமிழைத் தோட்டத்து ஆட்களிடமே கற்றவர். விகுதியெல்லாம் உதிர்ந்துபோன தமிழ் அது. ஆனால் அதில் அவமரியாதை இருக்காது.

விழுந்தவரைப் பற்றி அவர் கேட்கும் கேள்விகள் மூன்று.

"கையில என்ன? காலில என்ன? ரெண்டு அடி முன்னால என்ன?"

மூன்றாவதுதான் அவருக்கு முக்கியம். விழுந்த இடத்தில் ஆள் மட்டும்தான் இருப்பார், காரணம் இரண்டு அடிக்கு முன்னாலேயே முடிந்துபோயிருக்கும் என்பது அவர் கட்சி. அதனால் ஒருவர் விழுந்தால் நான் அதே இடத்துக்கு, அதே மணிக்கு, அவர் காலில் இருந்ததைப் போட்டுக்கொண்டு, அவர் கையில் இருந்ததைத் தூக்கிக்கொண்டு, அவர் நடந்தது போலவே நடந்து பார்க்கவேண்டும். பெரும்பாலும் அவர்கள் காலில் ஒன்றும் இருக்காது. ஆகவே நான் வெள்ளைக் காற்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு, வெறுங்காலோடு, இடுப்பில் குடத்தோடு கிணற்றடியில் நடந்தேன்.

"ஏ பொண்ணுங்களா, ஓடியாங்க! டிரஸர் ஐயா இன்னைக்குக் கொடத்தோட விழப்போறாரு!" என்று கூவுவாள் வெள்ளச்சி. அறுபத்தாறு வயது, பல் நான்கு, நாக்கு ஒன்று, அது நான்கு பல்லுக்கும் சேர்த்து வேலை செய்யும்.

அவள் சொன்னபடியே விழுந்தேன். முதல் மூன்று மாதத்தில் இருபத்துமூன்று விழுதல்களை ஆராய்ந்தேன். ஆராய்ச்சியில் நான் விழுந்தது ஐந்து முறை. அவற்றை வேறு பக்கத்தில் எழுதினேன்.

பலன் இல்லாமல் இல்லை. கிணற்றடியில் ஆறு பேர் விழுந்திருந்தார்கள். பாசியைச் சுரண்டிவிட்டு, தினமும் காலையில் சாம்பலும் பருமணலும் தூவச் செய்தேன். கக்கூசுக்குப் போகும் ஒற்றை மரப் பாலத்தில் நான்கு பேர். இன்னொரு மரத்தைச் சேர்த்துப் போட்டு, இடுப்பு உயரத்தில் கயிறு கட்டினோம். ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துப் படிகளில் மூன்று பேர். படி விளிம்புகளில் சுண்ணாம்பு பூசினோம், மங்கிய கண்ணுக்கும் தெரியும்படி. அடுத்த மூன்று மாதத்தில் இந்த மூன்று இடத்திலும் சேர்த்து விழுந்தவர் ஒருவர்தான், அவரும் கள்ளு குடித்திருந்தார்.

மீதிப் பத்துப் பேர்தான் என் உயிரை எடுத்தார்கள். அவர்கள் விழுந்தது ஆபீஸ் சடக்கில். சாலையை அங்கே சடக்கு என்போம். லயத்திலிருந்து ஆபீசுக்கு நேராகப் போகும் செம்மண் சடக்கு. பன்னிரண்டு அடி அகலம், நானே அளந்தேன். மேடில்லை, பள்ளமில்லை, வேரில்லை, கல்லில்லை. இரண்டு பக்கமும் புல் ஓரம், அதை ஒட்டி மூன்றடி ஆழத்தில் கான், அதாவது மழைநீர் போகும் வடிகால். பத்துப் பேரும் பட்டப்பகலில், காய்ந்த தரையில் நடந்து போனவர்கள், கானில் கிடந்தார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

"விழலீங்க. பூமியத் தொட்டுக் கும்பிட்டேன்" என்றாள் வெள்ளச்சி.

"விழலீங்க, உக்காந்தேன்" என்றார் சடையன்.

"கானுக்குள்ளேயா உட்கார்ந்தீர்?"

"அங்கதாங்க எடம் இருந்துச்சு."

அவர்கள் மழுப்பியதற்குக் காரணம் உண்டு. அதில் என் பங்கும் உண்டு. மாதா மாதம் என் விழுதல் கணக்கின் நகல் ஒன்று ஆபீசுக்குப் போகும். கணக்கு என்றால் நான்கு பேர் பார்க்கவேண்டும் என்பது என் ஆசை. யாரும் கேட்காமல் நானாகவே அனுப்ப ஆரம்பித்தேன். பெரிய துரை அதைப் படித்தார். தோட்டத்தை நடத்தியவர் அவர். படித்துவிட்டு ஒரு விதி போட்டார்: மூன்று முறை விழுந்தவர் வேலைக்குத் தகுதியில்லாதவர், டாக்டர் கையெழுத்தோடு அடுத்த கப்பலில் ஊருக்கு அனுப்பப்படுவார். அப்படி இரண்டு பேர் போனார்கள். மூக்கன், காத்தாயி. கணக்கைப் பார்த்து டாக்டர் துரை கையெழுத்துப் போட்டார். கணக்கு என் கையெழுத்தில் இருந்தது. வண்டி ஏறும்போது காத்தாயி என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றேன்.

இனி யாரும் விழக்கூடாது என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. தடி கொடுக்கலாம் என்று டாக்டர் துரையிடம் கேட்டேன். சரி என்றார். பதின்மூன்று பேருக்கு மூங்கில் தடி. வெறுமனே வெட்டிக் கொடுக்கவில்லை. ஆளை நிமிர்ந்து நிற்கவைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, தரையிலிருந்து மணிக்கட்டு மடிப்பு வரை அளந்து ஒவ்வொன்றையும் நறுக்கினேன். அடியில் வழுக்காமலிருக்கப் பழைய ரப்பர் ஷீட்டில் வட்டம் வெட்டி ஒட்டினேன். கால் எந்தப் பக்கம் பலவீனமோ அதற்கு எதிர்க் கையில் தடியைப் பிடிக்கவேண்டும் என்று பதின்மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னேன். பதினொருவர் அதே பக்கம்தான் பிடித்தார்கள். மறுபடி சொன்னேன்.

அன்று மாலையே ராமையாக் கங்காணி சைக்கிளில் வந்து இறங்கினார். ஆட்களை வேலை வாங்குபவர். முறுக்கிய மீசையும் கக்கத்தில் பிரம்பும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"என்னா டிரஸரே, ஆளுக்கொரு தடியக் குடுத்துட்டீங்களாமே? நாளைக்கு யாரு கங்காணி, யாரு கூலின்னு தொரை எப்படிக் கண்டுபிடிப்பாரு?"

அதற்கு மிக நல்ல பதில் ஒன்று எனக்கு மறுநாள் காலையில் தோன்றியது.

தடி கொடுத்த அடுத்த மூன்று மாதத்தில் ஆபீஸ் சடக்கில் விழுந்தவர்கள் பதினான்கு பேர். பத்திலிருந்து பதினான்கு! தடி இல்லாமல் விழுந்ததைவிடத் தடியோடு அதிகம் விழுந்தார்கள். மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன். பதினான்குதான். டாக்டர் துரை அந்தத் தாளைப் பார்த்துவிட்டு வலது கண்ணாடிக்குப் போனார்.

பதினான்காவது ஆள் சடையன். ஏற்கெனவே ஒரு தரம் கானில் "உட்கார்ந்தவர்". இந்த முறை வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. முள்கரண்டி வளைந்ததுபோல் கை நின்றது. அதை உட்கார்ந்த கணக்கில் எழுத முடியாது. நான் அவர் கையைப் பிடித்து, ஒரு சீராக, அறுபது எண்ணும் வரை இழுக்கவேண்டும். பிறகு பஞ்சு வைத்து, இரண்டு மூங்கில் பத்தை வைத்து, பதினெட்டுச் சுற்று சுற்றவேண்டும். இழுத்துக்கொண்டே எண்ணினேன். கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"எம்பதாச்சுங்களே ஐயா" என்றார் நடுவில்.

"நாற்பத்தொன்றுதான் ஆகிறது."

"அப்ப நீங்க மெதுவா எண்றீங்க. வலி என்னுதுங்கறதால."

மறுநாள் ஆபீசிலிருந்து ஒரு தாள் எனக்கு வந்தது. தட்டெழுத்தில் எல்லாம் தயாராக இருந்தது: சடையன், இத்தனை வயது, மூன்று முறை விழுந்தவர், வேலைக்குத் தகுதியில்லை, கப்பலில் அனுப்பலாம். உண்மையில் இரண்டுதான் ஆகியிருந்தது; மூன்றாவது விழுதலின் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். அதை நான் நிரப்பி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். நான்கு முறை திறந்து பார்த்தேன். அது அங்கேயேதான் இருந்தது.

செய்தி எப்படிக் கசிந்ததோ, சடையனின் மகள் மாரியாயி பால் வாளியை வைத்த கையோடு ஓடிவந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், புருஷன் இல்லை. கிழவருக்கும் இவளை விட்டால் உலகத்தில் வேறு ஆள் இல்லை.

"எங்கப்பனுக்கு அங்க யாருமில்லீங்கய்யா. வந்து முப்பத்தஞ்சு வருசமாச்சு. ஊருப் பேரு கேட்டா நாளுக்கு ஒண்ணு சொல்லுது. கப்பல்லேருந்து எறங்கி எந்தப் பக்கம் போவும்? இங்க இருந்து விழுந்தா நான் தூக்குவேன். அங்க விழுந்தா யாரு தூக்குவா?"

இன்னும் ஒரு விழுதல். அவ்வளவுதான் இருந்தது கிழவருக்கும் கப்பலுக்கும் நடுவில்.

அடுத்த வியாழக்கிழமை டாக்டர் துரை வந்ததும், "சடக்குக்குப் போலாம். நீ சடையன்" என்றார். சடையன் விழுந்தது காலை பதினொரு மணிக்கு. பதினொரு மணிக்கு நான் வெறுங்காலோடு, அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அவர் தடியை ஊன்றிக்கொண்டு ஆபீஸ் சடக்கில் நடந்தேன். டாக்டர் துரை ஓரமாக நின்று பார்த்தார். லயத்து வாசலில் சடையனும் வெள்ளச்சியும் இன்னும் சிலரும் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் தரம் நடந்தேன், ஒன்றுமில்லை. இரண்டாம் தரம் நடந்தேன், ஒன்றுமில்லை. மூன்றாம் தரம் பாதி வழியில் இருக்கும்போது பின்னால் ஒரு மோட்டார்ச் சத்தம் கேட்டது.

அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் கானுக்குள் கிடந்தேன்.

பெரிய துரையின் கார் என்னைத் தாண்டிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஆபீஸ் பக்கம் போய்விட்டது. என் தலையில் கட்டியிருந்த துண்டு இடுப்பில் இருந்தது; எப்போது அவிழ்த்தேன் என்று இன்றுவரை தெரியாது. தடி என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஒளித்தவன் நான்தான். மேலே டாக்டர் துரை வந்து எட்டிப் பார்த்தார்.

"சடக்கு பன்னண்டு அடி. கார் அஞ்சு அடி. நீ ஏன் குதி?"

"மரியாதை, சார்" என்றேன், சேற்றிலிருந்து.

"தடி ஏன் பின்னால?"

"துரைக்கு எதிரே தடி ஊன்றி நிற்கலாமா, சார்?"

சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. துரை வந்தால், கங்காணி வந்தால், சடக்கை விட்டு இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டி, ஒதுங்கி நிற்கவேண்டும். தோட்டத்தில் பிறந்த குழந்தைகூட நடக்கக் கற்கும்போது இதையும் சேர்த்துத்தான் கற்கும். அறுபத்தைந்து வயதுக் கால் அவசரமாகப் புல் ஓரத்தில் இறங்கும். ஓரம் பாசி பிடித்திருக்கும். தடி இருந்தால் இன்னும் மோசம். இறங்க ஒரு கை வேண்டும், துண்டை அவிழ்க்க ஒரு கை வேண்டும், தடியை மறைக்க ஒரு கை வேண்டும். மொத்தம் மூன்று. கடவுள் கொடுத்தது இரண்டு.

என்னைத் தூக்கிவிட வந்த சடையனிடம் கேட்டேன்: "இதனால்தான் எல்லாரும் விழுகிறீர்களா?"

"இதத்தான் இத்தன நாளா தேடுனீங்களா? இது எல்லாருக்கும் தெரியுமே!"

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கலியே. கையில என்னா, காலுல என்னான்னு கேட்டீங்க. எதுத்தாப்புல யாரு வந்தான்னு கேட்டீங்களா?" என்றவர், சற்று யோசித்துவிட்டு, "நீங்க வந்தாலும் ஒதுங்கத்தானே செய்யறோம்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போய், ஈரக் காற்சட்டையோடு கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். ஒவ்வொரு விழுதலுக்கும் மணி எழுதியிருந்தேன். மணிக்கு எதிரே யார் வருவார் என்று மட்டும் நினைத்ததில்லை. முதல் பத்தில் ஆறு, பெரிய துரை போகும் வரும் நேரம். இரண்டு, கங்காணியின் சைக்கிள் நேரம். மீதி இரண்டும் காலை ஒன்பதே கால். ஒன்பதே காலுக்கு அந்தச் சடக்கில் தினமும் விறுவிறுவென்று போகிறவன் நான். காத்தாயியின் மூன்றாவது விழுதல் அந்த இரண்டில் ஒன்று. அன்று நான் விழுதல் கணக்கைத்தான் ஆபீசுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

டாக்டர் துரை அன்று கண்ணாடியைத் துடைக்கவில்லை. இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டவர் அவரும்தானே. பிறகு பெரிய துரையைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து சொன்னார்: "அவர் கேக்கிறார், நான் எப்ப குதின்னு சொன்னேன்? அதுவும் நெசம்." ஆனால் ஓர் உத்தரவு வாங்கிவந்திருந்தார். ஆஸ்பத்திரித் தடி வைத்திருப்பவர்கள் யார் வந்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும்; இது வைத்தியம். நிற்கட்டுமே, யார் தடுத்தது என்று பெரிய துரை சிரித்தாராம்.

உத்தரவு போட்டால் ஆயிற்றா? முப்பத்தைந்து வருடப் பழக்கம் காலில் இருக்கிறது. ஆகவே பயிற்சி. ஆஸ்பத்திரி முற்றத்தில் சுண்ணாம்பால் பன்னிரண்டு அடி அகலத்துக்குச் சடக்கு வரைந்தேன். பதின்மூன்று பேரையும் அதில் நடக்கவிட்டு, ஒரு பழைய துரைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு இரவல் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு எதிரே வந்தேன். மணிச் சத்தம் கேட்டால் நிற்கவேண்டும். தடியை ஒரு சாண் முன்னால் ஊன்றவேண்டும். கால் இரண்டும் ஒரு சாண் அகலம். வருகிறவர் முகத்தைப் பார்க்காமல் தடியின் நுனியைப் பார்க்கவேண்டும். முகத்தைப் பார்த்தால் கால் ஓடும். "போகலாம்" என்று நான் சொல்லும் வரை அசையக் கூடாது.

முதல் நாள் பதின்மூன்று பேரும் ஒதுங்கினார்கள். ஒருவர் கூடுதல் மரியாதையாக ஆஸ்பத்திரிக்குள்ளேயே போய்விட்டார்.

"என்னைப் பார்த்தா பயப்படுகிறாய்?" என்று வெள்ளச்சியிடம் சீறினேன்.

"ஒங்களப் பாத்தா தொப்பி போட்ட கோழி மாதிரி இருக்கு, பயம் எங்கேருந்து வரும்? ஆனா காலு தன்னால போவுதே!"

சடையன் மிகவும் வருந்தினார். "மனசு நிக்குதுங்க ஐயா. காலுதான் கேக்க மாட்டேங்குது."

ஒன்பதாம் நாள் பத்துப் பேர் நின்றார்கள். சடையன் அதில் இல்லை. சடையன் கையிலிருந்து பத்தையைக் கழற்றிய நாளன்று பன்னிரண்டு பேர் நின்றார்கள். சடையன் அதிலும் இல்லை. மாரியாயி தினமும் பால் எடை போட்டதும் முற்றத்து ஓரத்தில் வந்து நிற்பாள். அப்பன் துள்ளி ஒதுங்கும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வாள். இழுப்பறையில் அந்தத் தாள் இருந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை. காலையில் மழை தூறி நின்றிருந்தது. பெரிய துரை அன்று செடெனாக்குக்குப் போய் டாக்டர் துரையைத் தன் காரிலேயே அழைத்து வந்தார். மணி பதினொன்று அடிக்க நான்கு நிமிடம். சடையன் ஆயாக் கொட்டகையிலிருந்து சடக்கின் நடுவே திரும்பிக்கொண்டிருந்தார். நான் முப்பது அடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். எதிரே கார்.

ஹாரன் ஒன்று. சடையன் நின்றார். தடியை ஊன்றினார்.

ஹாரன் இரண்டு. அவர் இடது கால் எழுந்தது. ஓரம் பார்த்து நீண்டது. போச்சு என்று நினைத்தேன். தாளில் தேதி போடவேண்டிய இடம்கூடக் கண்ணில் தெரிந்தது. கால் அந்தரத்தில் கொஞ்ச நேரம் யோசித்தது. திரும்பி வந்து பழைய இடத்தில் ஊன்றியது.

ஹாரன் மூன்று, நீளமாக. கிழவர் தடியின் நுனியைப் பார்த்தபடி நின்றார். தலைத்துண்டு தலையிலேயே இருந்தது.

ஆட்கள் ஒதுங்குவார்கள் என்று நம்பியே ஓட்டிப் பழகிய கார் அது. பெரிய துரை கடைசி நேரத்தில் பிரேக்கை மிதித்தார். ஈரச் செம்மண்ணில் கார் வழுக்கியது. அவசரமே இல்லாமல், மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்து, இரண்டு சக்கரத்தைக் கானுக்குள் இறக்கிச் சாய்ந்து நின்றது. சடையனுக்கும் அதற்கும் நடுவில் ஏழு அடி. பிற்பாடு அளந்தேன்.

யாருக்கும் அடியில்லை. டாக்டர் துரை மேல் பக்கமாக ஏறி இறங்கினார். பெரிய துரை கீழ்ப் பக்கமாக இறங்க, ஒரு சப்பாத்து கானில் போனது. அவர் ஆங்கிலத்தில் சொன்ன வார்த்தைகள் நான்கு, எழுதுவதற்கில்லை. பிறகு தமிழில், "ஏய்! ஒதுங்கு!" என்றார்.

சடையன் அசையவில்லை. தலையை மட்டும் என் பக்கம் திருப்பினார்.

"டிரஸர் ஐயா, இப்ப போலாங்களா?"

ஓரத்துப் புல்லில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றேன். நான் ஒதுங்கியிருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் துரை சடையனைச் சுற்றி ஒரு முறை நடந்தார். காலைப் பார்த்தார், தடியைப் பார்த்தார், இரண்டடிக்கு முன்னாலும் பார்த்தார். பிறகு பெரிய துரையிடம், ஆட்களுக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே சொன்னார்:

"ரெண்டு சக்கரம் விழு. ரெண்டு கால் விழல."

காரைத் தூக்க இருபது பேர் வந்தார்கள். இருபதும் சிரிப்பை அடக்கிக்கொண்டு தூக்கியதால் மூன்று முறை நழுவவிட்டார்கள். அந்த நேரத்தில் டாக்டர் துரை என்னிடம் அந்தத் தாளைக் கேட்டார். ஓடிப்போய் எடுத்துவந்தேன். தாளைக் காரின் மூடிமேல் வைத்து, தட்டெழுத்தின் குறுக்கே கோடு கிழித்து, தேதிக்கு விட்ட இடத்தில் "நிற்கிறார். வேலைக்குத் தகுதி" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பெரிய துரையிடம் நீட்டினார். பெரிய துரை அவரைப் பார்த்தார், சடையனைப் பார்த்தார், தன் ஒற்றைச் சப்பாத்தைப் பார்த்தார். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். அந்த நாள் முதல் அவர் லயத்துப் பக்கம் வந்தால் காரை மெதுவாகத்தான் ஓட்டினார். காரின்மேல் இருந்த பிரியத்தால்தான். எந்தப் பிரியமாக இருந்தால் என்ன, அடுத்த மூன்று மாதத்தில் ஆபீஸ் சடக்கில் விழுந்தவர்கள் இருவர்.

"போகலாம்" என்று பெரிய துரை கையெழுத்துப் போட்ட பிறகுதான் சடையனிடம் சொன்னேன். பதினாறு நிமிடம் நின்றிருந்தார்.

லயம் வரை நானும் கூடப் போனேன். பாதி வழியில் ராமையாக் கங்காணி சைக்கிளில் எதிரே வந்தார், மணியடித்தார். சடையன் நின்றார். கங்காணி மறுபடி மணியடித்தார். சடையன் தடி நுனியைப் பார்த்தார். கங்காணி தூரத்தில் இன்னும் சாய்ந்தே நின்ற காரைப் பார்த்தார், கானைப் பார்த்தார், சைக்கிளை விட்டு இறங்கினார். தள்ளிக்கொண்டே எங்களைச் சுற்றி ஓரமாகப் போனார். போகும்போது, "இதெல்லாம் நல்லதுக்கில்ல டிரஸரே" என்றார்.

மாரியாயி வாசலிலேயே நின்றிருந்தாள். ஹாரன் சத்தமும் கூச்சலும் அவளுக்குக் கேட்டிருக்கிறது. என்ன நடந்தது என்று தெரியவில்லை. அப்பனுக்கு ஒரு மூட்டை கட்டித் திண்டுபோல் வாசலில் வைத்திருந்தாள்.

"தொரை கையெழுத்துப் போட்டுட்டாருங்களா?" என்றாள்.

"போட்டுவிட்டார்" என்றேன். அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் பதறிப்போய், "கப்பலுக்கு இல்லை, கப்பலுக்கு இல்லை! இங்கேயே இருக்கலாம் என்று" என்று கத்தினேன். அவள் நம்பவில்லை. ஒருவன் எத்தனை தரம் கத்துவான்? ஐந்து தரம் கத்தினேன்.

"பசிக்குது ஆயி" என்றார் சடையன். "நின்னுநின்னு பசி வந்துருச்சு."

அவள் எழுந்தாள். மூட்டையை அவிழ்த்தாள். வேட்டி இரண்டு. கம்பளி ஒன்று. பித்தளைச் செம்பு ஒன்று. வெற்றிலைப் பை ஒன்று. வழிக்கு வறுத்து இடித்த அரிசி மாவு, ஒரு துணி முடிப்பில். ஒவ்வொன்றாக எடுத்து, அது முன்பு இருந்த இடத்தில் திரும்ப வைத்தாள். மாவை மட்டும் ஒரு கிண்ணத்தில் கொட்டி, வெல்லம் போட்டுப் பிசைந்து கிழவரிடம் கொடுத்தாள். எனக்கு ஆஸ்பத்திரியில் ஒன்பது பேர் கட்டுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு சாமானும் மூட்டையை விட்டு வெளியே வரும்வரை நின்று எண்ணிவிட்டுத்தான் திரும்பினேன்.